கண்டிச்சீமையில் பணிவிடை செய்தவர்கள்

கண்டிச்சீமையின் பழைய காணிச் சாசனங்களைப் படித்துப் பழகியவர்கள், அவற்றிலே ஒரு காரணம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டிருப்பார்கள். வயது முதிர்ந்த ஒருவர் தம்முடைய வயலையோ தோட்டத்தையோ மகனுக்கோ மருமகனுக்கோ, சில சமயங்களில் இரத்த உறவே இல்லாத அயலானுக்கோ எழுதிக் கொடுக்கும்போது, இதுவரையில் தமக்குச் செய்த பணிவிடையையும் இனித் தமது அந்திமகாலம் மட்டும் செய்யப்போகும் பணிவிடையையும் முன்னிட்டுக் கொடுப்பதாகச் சொல்லி வைப்பது அந்நாட்டு வழக்கம். சோறூட்டுவதும், வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவதும், நோயில் இரவு கண்விழிப்பதும் நிலத்துக்கு ஈடான உழைப்பு என்று அந்தச் சமுதாயம் ஒப்புக்கொண்டு, அதை எழுத்திலும் வைத்தது. இன்று வைத்தியர்கள் டிமென்ஷியா என்று கூறுவதும், நம்மவர்கள் அறளை பெயர்ந்துவிட்டது என்று சொல்லிவந்ததுமான மறதிநோயில் விழுந்த பெற்றோரைப் பராமரிக்கும் குடும்பத்தாரின் மனக்களைப்பைப் பற்றியும் அதைத் தணிக்கும் சிகிச்சையைப் பற்றியும் எழுதப் புகுந்த நான் இந்தச் சாசனங்களிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கையின் உழைப்பை இவ்வளவு நுட்பமாக மதிப்பிடத் தெரிந்த கண்டிச்சீமை, அந்தக் கைகளுக்குரியவரின் மனம் படும் பாட்டைச் சாசனத்தில் எழுதி வைக்கவில்லை. அந்த மனத்தைப் பார்ப்பதற்கு உலகத்துக்கு வழிகாட்டிய நூல்களுள் ஒன்றோ, அதே கண்டியில், தலதா மாளிகைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் உடவத்தகெலே வனத்திலே வாழ்ந்த ஒருவருடைய பேனாவிலிருந்து பிறந்தது.

கண்டிய வழக்கச் சட்டத்தை ஆங்கிலேய ஆட்சியின் ஆரம்பகாலத்தில் தொகுத்த சோயர்ஸ், ஆர்மர் முதலியோரின் குறிப்புக்களையும், 1923இல் ஹேலி வெளியிட்ட விரிவான நூலையும் துணைக்கொண்டு பார்த்தால், முதுமைக்கான ஏற்பாடு கண்டியச் சிங்களக் குடும்பத்தின் விவாக முறையிலேயே கலந்திருந்தது புலனாகும். மகள் புகுந்த வீடு செல்லும் தீக விவாகம் ஒன்று. மகள் பிறந்தகத்திலேயே இருக்க மருமகன் அங்கு வந்து வாழும் பின்ன விவாகம் மற்றொன்று. தீகத்தில் சென்றவள் தந்தையின் காணியில் உரிமை இழப்பாள். ஆயினும் மூலவீட்டோடு தொடர்பு அறாமல் இருந்தவளுக்கு அந்த உரிமை மீளுவதும் உண்டு. பின்ன விவாகத்தால் தளர்ந்த பெற்றோருக்கு மகளின் கை எப்போதும் கிட்ட இருந்தது. மருமகனின் நிலைதான் பரிதாபமானது. கைத்தடியும் தாளிப்பனை ஓலையும் தீப்பந்தமும் வாசலருகே எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டியவன் அவன் என்று அந்நாட்டார் சொல்லிக்கொண்டார்கள். வெயிலோ மழையோ நள்ளிரவோ, மாமனார் போகச் சொன்ன கணத்தில் அவன் புறப்பட வேண்டியவன்.

பணிவிடைக்காகக் கொடுத்த காணியும் அப்படித்தான். கொடுத்தவர் தாம் விரும்பியபோது அதை மீட்டுக்கொள்ளலாம் என்பது கண்டியச் சட்டத்தின் விசேஷமான இயல்பு. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இதை உறுதிப்படுத்தி, விகாரைக்குக் கொடுத்தது, விவாகத்தை முன்னிட்டுக் கொடுத்தது, மீட்கும் உரிமையை வெளிப்படையாகத் துறந்து கொடுத்தது போன்ற சிலவற்றுக்கே விலக்களித்தது. முதியவருக்கு இது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பராமரிப்பவரின் பக்கத்திலிருந்து, அதுவும் மறதிநோய் புகுந்த ஒரு வீட்டிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். சற்றுமுன் உண்ட சோற்றை மறந்து, தன்னைப் பட்டினி போடுகிறார்கள் என்று அயலாரிடம் முறையிடுவதும், தானே ஒளித்து வைத்த நகையைக் களவு போயிற்று என்று சொல்லி, மிகக் கிட்ட இருப்பவரையே சந்தேகிப்பதும் இந்த நோயின் சாதாரணமான குணங்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு வருஷக்கணக்காகப் பணிவிடை செய்து, அவருடைய சந்தேகத்துக்கே ஆளாகி, காணியும் நிலைக்குமோ நிலைக்காதோ என்ற அச்சத்தோடு கண்விழித்த ஒரு மகளை அல்லது மருமகனை அந்தச் சட்ட நூல்களின் வரிகளுக்குள்ளே நான் காண்கிறேன். அவர்களுடைய உழைப்பு நீதிமன்றத்தில் பேசப்பட்டபோதெல்லாம், செய்தாயா செய்யவில்லையா என்ற வழக்காகத்தான் பேசப்பட்டது.

சாசனமும் சுற்றமும் இல்லாத ஒரு பராமரிப்பாளனின் கதையும் கண்டிச் சரித்திரத்தில் உண்டு. 1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கரையிறங்கி, இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸ், அதே பெயருடைய தம் மகனோடு பண்டாரகொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டார். குளிர்காய்ச்சலும் மகனையும் சிறையில் மாட்டிவிட்டோமே என்ற மனத்துயரமும் சேர்ந்து தந்தையை உருக்கின; இருபது வயதளவிலிருந்த மகன், தானும் அதே காய்ச்சலில் கிடந்தபடி அவரைப் பராமரித்தான். 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தபோது, அடக்கம் செய்ய உதவி கேட்டு அனுப்பினான். ஊரார் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, உடலைக் காட்டுக்கு இழுத்துச்செல்ல முற்பட்டார்கள். அதைச் சகிக்கமாட்டாத அவன் கூலி கொடுத்து ஓர் ஆளைப் பிடித்துத் தந்தையைப் புதைத்தான். அடுத்த பதினெட்டு ஆண்டுகளைக் கண்டி இராச்சியத்திலேயே கழித்து, 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூல் இலங்கைச் சரித்திரத்துக்குப் பெரிய ஆதாரமாயிற்று. அந்நூலில் மன்னனின் அரண்மனையும் மக்களின் உணவும் உடையும் விரிவாக வருகின்றன. என் மனத்தில் நிற்பதோ காய்ச்சலில் நடுங்கும் ஒரு கை மற்றொரு காய்ச்சற்காரருக்கு நீர் கொடுக்கும் அந்த அத்தியாயம்.

ஊரோடு ஒட்டியிருந்தவர்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. கொஹொம்ப கங்காரிய என்னும் கண்டியச் சாந்திச் சடங்கு, பாண்டுவாசுதேவ மன்னனுக்கு உண்டான நோயைத் தீர்க்க முதன்முதலில் நடந்ததாக ஐதிகம் கூறும். அதில் இரவு முழுவதும் மேளமும் ஆட்டமும் நடக்க, வீட்டாரும் அயலாரும் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மானுடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர, துயர உணர்ச்சிகளைச் சமய அர்த்தமுள்ளவையாக மாற்றிக்கொடுப்பது பண்பாடு செய்யும் வேலை என்று விளக்கினார். தோவில் என்னும் பேயோட்டும் சடங்கு முதலானவை நோயாளியின் வியாதியைத் தீர்த்தனவோ இல்லையோ, கண்விழித்துக் களைத்த வீட்டாருக்கு ஓர் இரவாவது துணை கிடைத்தது என்று நான் துணிந்து சொல்லுவேன்.

1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டபின் வந்த ஏற்பாடுகள் நோயாளியை மட்டுமே நோக்கின. 1839இல் சித்தசுவாதீனமற்றோர் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. 1847இல் பொரளையிலும் பின்னர் 1926ஐ ஒட்டி அங்கொடையிலும் பைத்தியசாலைகள் எழுந்தன. கண்டியிலிருந்து அவை எட்டாத தொலைவு. அடக்கமுடியாத வெறியுடையவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். சாந்தமாக உட்கார்ந்து, இறந்துபோன கணவன் எப்போது வருவான் என்று நாள்முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கிழவி வீட்டிலேயே இருந்தாள். வீட்டார் எப்படியிருக்கிறார்கள் என்று கேட்பதற்கு அரசாங்கத்தில் ஓர் உத்தியோகம் இருக்கவில்லை.

நம்மவர்களின் கதை இங்கேதான் சேருகிறது. 1824இல் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கியதும், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நிலைநிறுத்தியதும் புத்தகங்களில் பெருமையாகச் சொல்லப்படுபவை. அந்த மலைகளை வெட்டித் திருத்தத் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு எழுதிக் கொடுப்பதற்குக் காணி ஒரு சாண்கூட இருக்கவில்லை. ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான, லயம் என்னும் வரிசைவீட்டுக் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை வாழ்ந்தது. வேலை செய்யும் உடல் தளர்ந்தபின் தோட்டத்துக்குக் கிழவனால் பிரயோசனமில்லை. மகனின் காம்பராவில் ஒரு மூலைதான் அவனுக்குரிய சொத்து. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. முதுமையில் தலைமன்னார்க் கப்பலேறி, பூர்விக ஊர் என்று பெற்றோர் சொல்லிக் கேட்ட ஊரிலே இறங்கியவர்களைப் பராமரித்தது யார், அவர்களுடைய நினைவு குழம்பியபோது எந்த மலையின் பெயரைச் சொல்லி அழுதார்கள் என்ற சரித்திரத்தை எவராவது எழுதவேண்டும்.

இந்த மறதிநோயை வைத்தியர்கள் இனங்கண்ட கதைக்காக இனி ஜேர்மனிக்குப் போகவேண்டியிருக்கிறது. 1901 நவம்பரில், இரயில்வேயில் உத்தியோகம் பார்த்த ஒருவர், ஐம்பத்தொரு வயதான தம் மனைவி அவுகுஸ்தே தேத்தரை இனி வீட்டில் வைத்துப் பராமரிக்க இயலாதவராய்ப் பிராங்பேர்ட் நகர மனோவைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். அவளைப் பரிசோதித்த அலோயிஸ் அல்சைமர், 1906இல் அவள் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே ட்யூபிங்கன் நகரில் அறிக்கை வாசித்தார். 1910இல் மனோவைத்திய அறிஞர் கிரேபெலின் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். அந்தக் கணவரின் மனம் என்னவாயிற்று என்று வைத்திய சாஸ்திரம் கேட்பதற்கு இன்னும் வெகுகாலம் சென்றது. அவர் மனைவியை அழைத்து வந்த அதே 1901ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ஹானாவ் என்னும் ஊரில், ஒரு யூதக் குடும்பத்தின் ஒரே பிள்ளையாக, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட உடவத்தகெலே வனவாசியான சீக்முண்ட் பெனிகர் பிறந்தார்.

பெனிகர் இளமையிலேயே பௌத்த நூல்களில் ஈடுபட்டுத் துறவியாக விரும்பினார். தந்தை 1932இல் மறைந்தபின் தனித்துப்போன தாயை விட்டுவர மனமின்றி அந்த விருப்பத்தை ஒத்திவைத்தார். ஹிட்லரின் ஆட்சி வந்தபின் தாயை வியன்னாவிலுள்ள உறவினரிடம் சேர்த்துவிட்டு, 1936இல் இலங்கைக்கு வந்து, தொடந்துவையில் நியானதிலோக தேரரிடம் துறவு பூண்டு, நியானபொனிக என்னும் பெயர் பெற்றார். 1939இல் தாயையும் இலங்கைக்கு வருவித்துக் கொழும்பில் ஒரு பௌத்தப் பிரமுகரின் இல்லத்தில் தங்கவைத்தார். அவ்வாண்டே யுத்தம் மூண்டது. ஜேர்மனியர் என்ற காரணத்தால் தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவில் தேராதூனிலும் 1946 வரையில் அவர் தடுத்து வைக்கப்பட்டார். தாய் 1956இல் கொழும்பில் காலமானார். துறவியாகியும் மகனாக இருப்பதை விட்டுவிடாத ஒருவருடைய வாழ்க்கையாக இதை நான் வாசிக்கிறேன்.

விடுதலை பெற்று வந்தவர், தம் குருவோடு கண்டி உடவத்தகெலே வனத்திலுள்ள ஆச்சிரமத்தில் வாழத் தொடங்கினார். 1952இல் பர்மாவுக்குச் சென்று மகாசி சயாதோவிடம் தியானம் பயின்று திரும்பி, சதிபட்டானம் என்னும் பிரக்ஞைப் பயிற்சியைப் பற்றி 1954இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 1962இல் இலண்டனில் வந்த பதிப்பால் அது உலகமெங்கும் பரவியது. 1958இல் நண்பர்கள் இருவரோடு அவர் கண்டியில் நிறுவிய பௌத்த வெளியீட்டுச் சங்கம், சிறு பிரசுரங்களைத் தபாலில் நாடெங்கும் பிறநாடுகளுக்கும் அனுப்பியது. 1994 ஒக்டோபரில் அவர் மறையும்வரை அந்த வனமே அவருக்கு வீடு. 1979இல் அமெரிக்காவில் மாசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில், தீராத வலியாலும் மன அழுத்தத்தாலும் வருந்தியவர்களுக்கென எட்டு வாரப் பயிற்சி ஒன்றை ஜோன் கபட்-சின் ஆரம்பித்தபோது, அவருக்கு ஆதாரமாயிருந்த நூல்களுள் கண்டித் தேரருடைய நூலும் ஒன்று. அந்தப் பயிற்சியே பின்னாளில் மறதிநோயாளரின் குடும்பத்தாருக்கும் உரியதாயிற்று.

தேரர் வற்புறுத்திய முதற்படி எளிமையானது. உடலிலும் மனத்திலும் இந்தக் கணத்தில் நிகழ்வதை, செயலாலோ சொல்லாலோ மனக்குறிப்பாலோ அதற்கு மறுமொழி கொடாமல் அப்படியே கவனிப்பது. லயத்திலோ கட்டுகஸ்தோட்டை வீடொன்றிலோ உள்ள மகளிடம் இதைப் பொருத்திப் பார்ப்போம். அம்மா முப்பதாவது முறையாக அதே கேள்வியைக் கேட்கிறாள். மகளின் நெஞ்சில் சூடேறுகிறது. கை ஓங்குகிறது அல்லது வாய் கடுஞ்சொல் சொல்லுகிறது. சொன்ன மறுகணமே, பெற்றவளை இப்படிப் பேசினேனே என்ற குற்ற உணர்ச்சி பிடித்துக்கொள்கிறது. இரவில் தூக்கம் இல்லை. விடிந்தால் களைத்த உடம்போடு அதே கேள்வி. பயிற்சி பெற்றவள் இந்தத் தொடரில் நெஞ்சில் சூடேறும் இடத்தை அறிந்துகொள்கிறாள். மூச்சை இரண்டு முறை கவனிக்கும் அளவுக்கு அங்கே ஓர் இடைவெளி உண்டாகிறது. வந்த கோபத்துக்காகத் தன்னைத் தண்டிக்கவேண்டாம் என்பதும், அம்மா உயிரோடு இருக்கும்போதே அம்மாவை இழந்துகொண்டிருக்கும் துக்கம் உண்மையான துக்கமே என்பதும் அவளுக்குச் சொல்லித்தரப்படும். பௌலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தத் துக்கத்தைத்தான்: உடல் எதிரே இருக்க, ஆள் இல்லாமற்போகும் இழப்புக்கு ஒப்பாரியும் இல்லை, எட்டுச் செலவும் இல்லை.

இதன் பயன் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு இத்தியானப் பயிற்சியைப் பற்றிய ஐந்து பரிசோதனைகளை, மொத்தம் 201 பராமரிப்பாளர்களின் விவரத்தோடு ஆராய்ந்து, மனச்சோர்வும் பதற்றமும் பயிற்சி முடிந்த காலத்தில் குறையக்கூடும், ஆயினும் சான்று வலுவுடையதன்று என்ற முடிவுக்கு வந்தது. இலண்டனில் ஜில் லிவிங்ஸ்டன் குழுவினர் 260 பராமரிப்பாளர்களைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட பரிசோதனையின் சான்று இன்னும் உறுதியானது. எட்டு அமர்வுகளில், நோயாளியின் நடத்தையைப் புரிந்துகொள்வது, தன் எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பது, உதவி கேட்பது, உடலைத் தளர்த்துவது ஆகியவை கற்பிக்கப்பட்டன. கற்பித்தவர்கள் வைத்தியர்கள் அல்லர், மனோதத்துவப் பட்டம் பெற்ற இளைஞர்கள். நமக்கு இன்னும் அணுக்கமானது கோவாவில் நடந்தது. அமித் டயஸ் முதலியோர் 81 குடும்பங்களில், உள்ளூரில் பயிற்றப்பட்ட ஆலோசகர்களை ஆறு மாதகாலம் பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் வீட்டுக்கே அனுப்பி, பராமரிப்பவரின் மனநிலை தெளிவாக மேம்பட்டதை 2008இல் வெளியிட்டார்கள். குடும்பத்தையும் சிகிச்சைக்குள் சேர்க்கும் இந்த வழிக்கு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் திறந்த மனநல நிலையம் முன்னோடி. அங்கே உறவினர் நோயாளியுடனே தங்கியிருப்பது விதி.

இலங்கையிலும் கண் திறந்திருக்கிறது. றாகமையில் நடந்து 2003இல் வெளியான கணக்கெடுப்பு, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு நால்வர் அளவில் இந்நோய் கண்டவர்கள் என்று காட்டியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல். இப்போது இன்னும் கூடுதல். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கலாகாது என்று விதிக்கிறது. புறக்கணிக்காத பிள்ளை எப்படித் தாங்குவது என்பதைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. கொழும்பில் 2001இல் தோன்றிய லங்கா அல்சைமர் நிறுவனம் குடும்பத்தாருக்கும் வழிகாட்டுகிறது. 1974இல் ஆரம்பித்த சுமித்திரயோ மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்கக் கண்டியிலும் அமர்ந்திருக்கிறது. கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநோய்ச் சிகிச்சைக்கு வழி உண்டு. ஆனால் அங்கே போய்வர ஒரு முழுநாள் வேண்டும். ஹேவாஹெட்டையிலோ தெல்தோட்டையிலோ கொழுந்து பறிப்பவளுக்கு அந்த நாள் ஒரு நாட்சம்பளம். அவள் போனால் வீட்டிலுள்ள மறதிக்காரியைப் பார்க்கவும் ஆள் இல்லை.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக, குடும்பநல மாதர் இந்நாட்டில் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிறார்கள். பிரசவத்தில் தாய்மார் இறப்பது அருகியதில் அவர்களுக்கு உள்ள பங்கை யாவரும் அறிவர். கோவாவில் செய்ததை இங்கே செய்வதற்குப் புதிய கட்டிடமோ பெரிய வைத்தியரோ தேவையில்லை. அந்த மாதரைப் போலத் தமிழும் சிங்களமும் பேசக்கூடிய, இலண்டன் முறையின் எட்டு அமர்வுகளை நடத்தப் பயின்ற உள்ளூர்ப் பெண்கள் போதும். தோட்டங்களில் இடமும் இருக்கிறது. மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்து தாய்மார் பிள்ளைகளை அழைத்துச் சென்றபின், பகலில் அப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வெறுமையாகிவிடும். கிழமைக்கு ஒருநாள், ஒரு மணி நேரம், பராமரிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடலாம். அந்த ஒரு மணி நேரம் லயத்தில் கிழவியோடு இருப்பதற்கு ஒருவரைத் தொழிற்சங்கமோ கோயிற் சபையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு அன்பாக அழைத்தாலும் மகள் வரமாட்டாள்.